அடவைப் பார்க்கிறதா, ஆளைப் பார்க்கிறதா?

கேள்வி: எங்கள் நாட்டியப் பள்ளியில் பத்து மாணவிகளைக் கொண்டு தட்டடவு, நாட்டடவு உட்பட ஆறு அடவுகளை வீடியோ எடுத்து, துண்டு துண்டாக வெட்டி, அடவைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஒரு கணினி மாடலுக்குப் பயிற்சி கொடுத்தோம். சோதனையில் நூற்றுக்கு 96 சரி. புதிதாகச் சேர்ந்த பெண் ஆடியதும் பாதிக்கு மேல் தப்பு. எங்கே கோளாறு?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: அந்த 96-ஐ மறந்துவிடுங்கள். துண்டுகளை மொத்தமாகக் குலுக்கி, பயிற்சிக்கு இவ்வளவு, சோதனைக்கு இவ்வளவு என்று பிரித்திருப்பீர்கள். அதே மாணவி, அதே தாவணி, அதே சுவர் இரண்டு பக்கமும் இருந்திருக்கும். நாட்டடவை எல்லோரும் ஒரே நாளில் ஆடியிருந்தால் அன்றைய வெளிச்சமே மாடலுக்கு விடை சொல்லிவிடும். மனிதச் செயல்களைக் கணினிக்கு அடையாளம் காட்ட 2012-இல் வெளியான யுசிஎஃப்101 என்ற வீடியோ தொகுப்பில் 101 செயல்கள், 13,320 துண்டுகள். ஒவ்வொரு செயலையும் 25 குழுக்களாகப் பிரித்திருப்பார்கள். ஒரு குழுவின் துண்டுகள் பயிற்சி, சோதனை இரண்டிலும் வரக் கூடாது என்பது அங்கே கண்டிப்பு. காரணம் இதுதான்.

ஆள்வாரியாகப் பிரியுங்கள். எட்டு மாணவிகள் பயிற்சிக்கு, இருவர் சோதனைக்கு. இருவரை மாற்றி மாற்றி ஐந்து முறை ஓட்டி, சராசரியோடு மிகக் குறைந்த மதிப்பெண்ணையும் எழுதி வையுங்கள். உங்கள் மாடலின் உண்மையான தரம் அந்தக் குறைந்த எண்ணில்தான் தெரியும்.

அடுத்தது காலம், அதாவது ஆட்டத்தின் வேகம். பல மாடல்கள் வீடியோவிலிருந்து நான்கு ஃபிரேமுக்கு (தனிப்படத்துக்கு) ஒன்றாக 16 ஃபிரேம்களை எடுக்கும். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் அது ஏறக்குறைய இரண்டு விநாடி. முதற்காலத்தில் இரண்டு விநாடி பிடிக்கும் அசைவு மூன்றாம் காலத்தில் அரை விநாடியில் முடிந்துவிடும். மாடலுக்குக் கிடைப்பது நான்கே ஃபிரேம். மூன்றாம் காலத்துக்கு எல்லா ஃபிரேமையும் கொடுங்கள்.

இடம் வலமாகப் புரட்டிப் பயிற்சி கொடுக்கும் வசதி பல நிரல்களில் தானாகவே இயங்கும். அடவின் பெயர் மட்டும் போதுமென்றால் கெடுதல் இல்லை. வலது, இடது என்று தனித்தனியாகப் பெயரிட்டிருந்தால் உடனே நிறுத்துங்கள்.

பின்னணித் தொல்லையிலிருந்து தப்ப, உடலின் மூட்டுப் புள்ளிகளை மட்டும் எடுக்கலாம். மீடியாபைப் என்ற மென்பொருள் 33 புள்ளி தரும். இடுப்பின் நடுவை மையமாக வைத்து, தோளுக்கும் இடுப்புக்கும் உள்ள நீளத்தால் வகுத்துவிட்டால் உயர வேறுபாடு அடங்கும். ஆனால் தட்டடவில் கால் பின்பக்கமாக எழும்புவதால் நேர்முன்னே வைத்த கேமராவுக்கு அது சரியாகத் தெரியாது. சற்றுப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வையுங்கள். முத்திரை வேண்டுமானால் கைக்கென்று தனி மாடல் தேவை. அது ஒரு கைக்கு 21 புள்ளி தரும்.

ஒலியையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், ஆசிரியர் சொல்லும் ‘தெய்யா தெய்’ கேட்டே மாடல் பாஸாகியிருக்கும்! முதலில் ஒலியை நீக்கிச் சோதியுங்கள்.

கேள்வி: முதியோர் இல்லத்தில் யாராவது விழுந்தால் கேமரா எச்சரிக்கும்படி செய்யலாமா? 99 சதவீதம் சரியான மாடல் ஒன்று கிடைத்திருக்கிறது.
– வாசகர், டொங்காட்

பதில்: கணக்குப் போடுங்கள். இரண்டு விநாடிக்கு ஒருமுறை பார்த்தால் ஒரு நாளைக்கு 43,200 தடவை. அதில் ஒரு சதவீதம் தவறாக மணியடித்தால் 432. இரண்டாம் நாளே யாராவது மணியை அணைத்துவிடுவார்கள். அடுத்தடுத்து மூன்று முறை ‘விழுந்தார்’ என்று வரவேண்டும், பிறகு 20 விநாடிக்கு அவர் தரையிலேயே இருக்கவேண்டும் என்று இரண்டு நிபந்தனை வையுங்கள். பயிற்சி வீடியோக்களில் பெரும்பாலும் இளைஞர்கள் மெத்தைமேல் விழுந்து நடித்திருப்பார்கள். சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரியும் பாட்டியை மாடல் தவறவிடும். அதைத் தனியாகச் சோதியுங்கள். மின்வெட்டு நேரத்துக்கு கேமராவோடு ரவுட்டருக்கும் யூபிஎஸ் வேண்டும். தனிநபர் தகவலைக் காக்கும் தென்னாப்பிரிக்காவின் பொப்பியா சட்டத்தில் உடல்நலத் தகவலுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. எழுத்தில் சம்மதம் வாங்கி, வீடியோவை அழித்துப் புள்ளிகளை மட்டும் வையுங்கள். நாட்டியப் பள்ளிக்காரர்களும் கவனிக்க: 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

கேள்வி: மண்டபத்தில் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. மாடலைப் பாதிக்குமா?
– வாசகர், பீனிக்ஸ்

பதில்: பாதிக்கும், அதையும் அசைவென்று எடுத்துக்கொள்ளும். இங்கே தென்னாப்பிரிக்காவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ட்யூப்லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். கேமராவின் ஷட்டரை 1/100 விநாடியில் வையுங்கள். 1/50-இலும் பட்டை போகும், ஆனால் வேகமான கால் மங்கிவிடும்.