ஒரே டிஸ்க்கில் முடித்திருக்கலாமா? – கடிதம்

அன்புள்ள சார்,

அமெரிக்க ராக் குழு நைன் இஞ்ச் நெய்ல்ஸின் 'தி ஃப்ரஜைல்' ஆல்பம் கேட்டேன். சில பாட்டுகள் அபாரம். ஆனால் இரண்டு டிஸ்க்கில் 23 டிராக் ரொம்ப அதிகம். குரல் இல்லாத இசைத் துண்டுகளை எல்லாம் தாண்டிவிட்டுத்தான் கேட்க முடிந்தது. ஒரே டிஸ்க்கில் முடித்திருக்கலாம். வரிகளும் விடலைப் பையன் புலம்பல் மாதிரி இருக்கின்றன. பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் அப்போதே 10-க்கு 2 மதிப்பெண்தான் கொடுத்ததாம். அடுத்து இவர்களின் எந்த ஆல்பத்தைக் கேட்கலாம்? விடுதியில் இதைப் போட்டால் நண்பர்கள் தகரச் சத்தம் என்று சிரிக்கிறார்கள். ஹெட்ஃபோனில்தான் கேட்கிறேன்.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் தம்பி. உங்கள் வயதில் ராத்திரி தனியாக உட்கார்ந்து கேட்டவைதான் இன்றைக்கும் என் கூட இருக்கின்றன. இதற்கெல்லாம் கூச்சப்படாதீர்கள்.

வரிகள் பல இடங்களில் பலவீனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழுவின் தலைவர் டிரெண்ட் ரெஸ்னரை வளர்த்த பாட்டி கிளாரா இறந்துபோன காலத்தில் உருவான ஆல்பம் இது. இரண்டாவது டிஸ்க்கில் ஒரு பாட்டு அவருக்குச் சமர்ப்பணம். அதைக் கேட்டுவிட்டுப் புலம்பல் என்று சொல்லுங்கள். மதிப்பெண் விஷயத்தை விடுங்கள். 1999-ல் ஸ்பின் பத்திரிகை இதே ஆல்பத்தைத்தான் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்றது.

எனக்குக் கோபம் வந்தது 'தாண்டிவிட்டுக் கேட்டேன்' என்ற இடத்தில். பாதியைக் கேட்காமலே நீளம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

எனக்கு முதலில் கிடைத்ததும் வெட்டுப்பட்ட ஃப்ரஜைல்தான். ஒரு நண்பன் இரண்டு சிடியையும் ரெக்கார்டிங் கடையில் கொடுத்து 90 நிமிட கேசட்டில் பதிந்து தந்தான். ஆல்பமோ 100 நிமிடத்தைத் தாண்டும். கடைக்காரர் 'பாட்டே இல்லாததை' எல்லாம் எடுத்துவிட்டார். ரொம்ப நாள் அந்தக் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டேன். 'இன்டு தி வாய்ட்' அதில் இருந்தது. நல்ல துள்ளலான பாட்டு, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

பிறகு முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேட்டேன். முதல் டிஸ்க் முடியப் போகும் நேரத்தில் 'லா மேர்' (பிரெஞ்சில் கடல்) வருகிறது. பியானோவில் ஒரு சின்னச் சுழற்சி. மேலே ஒரு பெண் குரல் கிரியோல் மொழியில் மெல்லப் பேசிப் போகிறது. அப்புறம் பாஸும் டிரம்ஸும் வந்து சேர்கின்றன. டிஸ்க்கை மாற்றிப் போட்டால், இரண்டாவது பாட்டான 'இன்டு தி வாய்ட்' தொடங்கும்போதே அதே மெட்டு திரும்ப வருகிறது. கரையோரம் அமைதியாகக் கேட்டது இங்கே பதற்றமாகிவிடுகிறது. கேசட்டில் எத்தனையோ தடவை கேட்ட பாட்டுதான். ஆனால் அது எதை நினைவுபடுத்துகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. 'தி ஃப்ரெய்ல்' என்ற இரண்டு நிமிடப் பியானோத் துண்டும் அப்படித்தான். மூன்று டிராக் தள்ளி 'தி ஃப்ரஜைல்' பாட்டுக்குள் அதன் மெட்டு ஒலிக்கும். நீங்கள் தாண்டிப் போனவை இவைதான்.

இந்த வரிசை தானாக அமைந்ததும் கிடையாது. ரெஸ்னரும் உடன் தயாரித்த ஆலன் மோல்டரும் நியூ ஆர்லியன்ஸில், முன்பு சவ அடக்க நிலையமாக இருந்த கட்டடத்தில் ஸ்டூடியோ போட்டு ரொம்ப காலம் உழைத்தார்கள். இத்தனையையும் எப்படி அடுக்குவது என்று திணறிய கட்டத்தில், பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' ஆல்பத்தைத் தயாரித்த பாப் எஸ்ரினை அழைத்து வந்தார்கள். வரிசையை ஒழுங்குபடுத்துவதுதான் அவர் வேலை. ஒரு மனிதர் அதற்கென்றே உட்கார்ந்து கோத்ததை நீங்கள் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போகிறீர்கள்.

வெளிவந்தபோது நடந்ததும் இதுதான். 1994-ல் வந்த 'தி டவுன்வேர்ட் ஸ்பைரல்' மாதிரியே இன்னொரு ஆத்திரம் வேண்டும் என்று ஐந்து வருஷம் காத்திருந்தவர்களுக்கு, டிரம்ஸே இல்லாத 'தி டே தி வேர்ல்ட் வென்ட் அவே' இரண்டாவது பாட்டாக வருகிறது. முதல் வாரம் 2 லட்சத்து 28 ஆயிரம் பிரதிகள் விற்று அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் முதலிடம். அடுத்த வாரமே 16-வது இடம். உடனே தோல்வி என்று எழுதிவிட்டார்கள். நூறு நிமிடத்துக்கு மேல் ஓடும், தன்னையே திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்திக்கொள்ளும் ஒரு ஆல்பத்தை ஏழு நாளில் எடைபோட முடியுமா? ஒரே டிஸ்க் போதும் என்கிறவர்கள் முதலில் எடுப்பது 'லா மேர்' மாதிரியானவற்றைத்தான். கேசட் கடைக்காரராவது டேப் பத்தாமல் எடுத்தார்.

அடுத்து எதைக் கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். 'தி டவுன்வேர்ட் ஸ்பைரல்' கேளுங்கள். அதற்கு முன் இதையே ஷஃபிளை அணைத்துவிட்டு, முதல் டிராக்கிலிருந்து ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.