டீச்சர் பதில்கள்: 2024-ல் மனசில் நின்ற படங்கள், நோகடித்த படங்கள்

டீச்சர், 2024-ல் வந்த படங்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?
*(வாசகி, வேலந்தாவளம்)*

யோசிக்கவே வேண்டாம், ‘மெய்யழகன்’. 1996-ல் தஞ்சாவூரில் சொந்த வீட்டைப் பறிகொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போன குடும்பம். ரொம்ப வருடம் கழித்து அந்த வீட்டுப் பிள்ளை தங்கை கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். ‘அத்தான், அத்தான்’ என்று ஒருவன் கூடவே ஒட்டிக்கொள்கிறான். அவன் பெயர் இவருக்கு ஞாபகம் வரவில்லை, கேட்கவும் கூச்சம். அவ்வளவுதான் கதை. அரவிந்த் சாமியும் கார்த்தியும் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

கேரளத்தில் பாலக்காட்டு எல்லையோரம் இருக்கும் நம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பாதிக் குடும்பங்களுக்குச் சொந்தபந்தம் பொள்ளாச்சி, உடுமலையில்தான். அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போனால் மண்டப வாசலிலேயே ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, “என்ர பேரு என்ன, சொல்லு பாக்கலாம்” என்பார். சொல்லத் தெரியாமல் நிற்கும் அந்தத் தவிப்பை ஒரு முழுப் படமாக எடுக்க முடியும் என்று இயக்குநர் பிரேம்குமார் நம்பியிருக்கிறார். அந்த வீட்டார் விட்டுப் போன பழைய சைக்கிள் தன் குடும்பத்தை எப்படி நிமிர்த்தியது என்று கார்த்தி சொல்லும்போது, என் மாமியார் தியேட்டரில் சத்தமாகவே “நல்ல பையன்” என்றார். இசை கோவிந்த் வசந்தா. தஞ்சாவூர் மண்ணுக்கு ஒரு கேரளத்துக்காரர் இப்படி வாசித்திருப்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

ஆனால் படம் நீளம் என்று அவர்களே வெட்டிவிட்டார்களே?
*(மாணவர், சித்தூர்)*

ஆமாம் தம்பி, ரிலீஸான பிறகு சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். ராத்திரி உட்கார்ந்து பேசுகிற இரண்டு பேர் நடுவில் ஊர்க்கதை, வரலாறு என்று எங்கெங்கோ போவார்கள், திரும்பி வருவார்கள். பேச்சு அப்படித்தான் இருக்கும். ‘இந்தியன் 2’விலும் ‘கங்குவா’விலும் ரிலீஸுக்குப் பிறகு 12 நிமிடம் குறைத்தார்கள். அங்கே குறைத்ததால் எதுவும் மாறவில்லை, ஏனென்றால் அவற்றின் குறை நீளம் இல்லை. ‘மெய்யழகன்’ அப்படி இல்லை. பொறுமையாக உட்கார்ந்து கேட்ட சனங்களும் இருந்தார்கள். அவர்களை நம்பியிருக்கலாம்.

அப்போது மோசமான படம் ‘கங்குவா’வா, ‘இந்தியன் 2’வா?
*(வாசகர், கோவிந்தாபுரம்)*

‘கங்குவா’ காதை நோகடித்தது, ‘இந்தியன் 2’ மனசை நோகடித்தது. இரண்டாவதுதான் எனக்கு மோசம்.

‘கங்குவா’வின் இரைச்சலைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். தியேட்டர்களில் ஒலியை 2 புள்ளி குறைக்கச் சொல்லித் தயாரிப்பாளரே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. ஆஸ்கர் வாங்கிய ஒலிக்கலைஞர், நம் கொல்லம் மாவட்டத்து ரசூல் பூக்குட்டியும் வெளிப்படையாக வருத்தப்பட்டார். சூர்யா உடம்பை வருத்தி உழைத்தது திரையில் தெரிகிறது. அந்த உழைப்பைக் கத்தலுக்குள் புதைத்துவிட்டார்கள்.

‘இந்தியன் 2’ வேறு மாதிரி. 1996-ல் வந்த முதல் படத்தில் தீக்காயத்தோடு கிடக்கும் மகளுக்கு லஞ்சம் கொடுத்தால்தான் வைத்தியம் என்கிற நிலை வரும். தாத்தா கொடுக்க மாட்டார், மகள் செத்துப்போவாள். அவர் கத்தியை எடுத்தபோது நமக்குக் காரணம் தெரிந்திருந்தது. 28 வருடம் கழித்து வரும்போது அவருக்கு வீடு இல்லை, துக்கம் இல்லை, வர்மக்கலை மட்டும் இருக்கிறது. லஞ்சம் வாங்கும் அப்பாவை மகனே காட்டிக்கொடுக்க வேண்டி வரும் கதை அதற்குள்ளேயே இருக்கிறது. அதைப் பிரதானமாக எடுத்திருந்தால் எப்பேர்ப்பட்ட படமாக வந்திருக்கும்!

விடிகாலை 4 மணிக் காட்சிகள் பற்றி?
*(வாசகர், மீனாட்சிபுரம்)*

2024-ல் தமிழ்நாட்டில் முதல் காட்சி 9 மணிக்கு. கேரளத்தில் 4 மணிக்கே போட்டார்கள். ‘கோட்’ வந்தபோதும் ‘கங்குவா’ வந்தபோதும் பொள்ளாச்சி, கோவை வண்டிகள் இருட்டோடு இருட்டாக எல்லை தாண்டி வந்தன. தூக்கம் கெட்டு வந்தவர்கள் இடைவேளையிலேயே போனில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தமிழ்நாட்டில் முதல் காட்சி தொடங்கும் முன்பே படத்தின் தலையெழுத்து முடிந்துவிட்டது. நல்லதில்லை. நான் எந்தப் படத்துக்கும் மூன்று நாள் கழித்துத்தான் போகிறேன்.

‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ குடிகாரர்களைக் கொண்டாடுகிறது என்று ஒரு பெரிய எழுத்தாளர் கண்டித்தாரே?
*(வாசகி, நெம்மாரா)*

காட்டில் பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள் என்ற அவருடைய கோபம் நியாயம். நெல்லியாம்பதி மலைப் பாதையில் அந்தக் கண்ணாடிச் சில்லுகளை நானே பார்த்திருக்கிறேன், யானைக்காலில் ஏறினால் என்ன ஆகும்? ஆனால் அந்தப் பழியை மொத்த மலையாளிகள் மேலும் போட்டதை ஏற்க முடியாது. எங்கள் பள்ளியில் தமிழ் மீடியமும் மலையாள மீடியமும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. அப்படிப்பட்ட பேச்சை இந்தப் பிள்ளைகள் காதில் விழ விட எனக்கு மனம் வராது.

படம் அவர்களை உத்தமர்கள் என்று சொல்லவில்லை. ‘குணா’ படம் எடுத்த கொடைக்கானல் குகைக்குத் தடையை மீறித்தான் போகிறார்கள், குடித்திருக்கிறார்கள், அத்தனையும் திரையில் உண்டு. 2006-ல் கொடைக்கானலில் நிஜமாகவே நடந்தது. கூட வந்தவன் விழுந்துவிட, யாரும் இறங்கத் துணியாத அந்தக் குழிக்குள் ஒரு நண்பன் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான், பிறகு ஜீவன் ரக்ஷா பதக்கும் பெற்றான். விழுந்தவனை அவன் தூக்கிக்கொண்டு மேலே வரும்போது, 1991-ல் வந்த ‘குணா’ படத்தின் ‘கண்மணி அன்போடு’ பாட்டு எழுகிறது. தியேட்டரே எழுந்து நின்றது. அந்தப் பசங்கள் மலையாளம் பேச, கொடைக்கானல் கடைக்காரரும் போலீசும் தமிழ் பேசுகிறார்கள். நம் சந்தையில் தினமும் கேட்கிற பேச்சுதான் இது, யாருக்கும் சப்டைட்டில் தேவைப்படவில்லை.

பொங்கல் லீவில் வீட்டோடு பார்க்க ஏதாவது சொல்லுங்கள்.
*(வாசகி, எருத்தேம்பதி)*

பிள்ளைகளோடு என்றால் ‘லப்பர் பந்து’. கிரிக்கெட்டுக்குள் சாதி எப்படிப் புகுந்து ஆளைத் தள்ளி வைக்கிறது என்பதைச் சிரிக்க வைத்துக்கொண்டே சொல்கிறது. அட்டகத்தி தினேஷின் மனைவியாக வரும் ஸ்வாசிகாவைப் பாருங்கள், என்ன ஒரு கம்பீரம்! பெரியவர்களுக்கு ‘உள்ளொழுக்கு’. குட்டநாட்டு வெள்ளம் வடியாமல் அடக்கம் தள்ளிப்போகும் ஒரு சாவு வீடு, மாமியாராக ஊர்வசி, மருமகளாகப் பார்வதி. ‘கொட்டுக்காளி’யைத் தனியாகப் பாருங்கள். பின்னணி இசையே கிடையாது, அன்னா பென் வாயைத் திறப்பதே அபூர்வம். போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள்.