ராட்டினம் ஏறுவதற்கு முன்: பழைய ஃபிட்டர் ஒருவரிடம் வடசென்னைக் குடும்பங்கள் கேட்டவை

26 ஆண்டுகள் பொழுதுபோக்குப் பூங்காக்களில் ஃபிட்டராக இருந்தேன். விடியற்காலையில் ஸ்பேனரோடு ராட்டினத்தின் மேல் ஏறி, முதல் கூட்டம் உள்ளே நுழைவதற்குள் இறங்கிவிடுகிற வேலை. வீடு திருவொற்றியூரில். விடுமுறை நெருங்குவதால் நம் பக்கத்துக் குடும்பங்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ராட்டினத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். டிக்கெட் விலையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அது வார நாளுக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். அந்தந்தப் பூங்காவிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (தண்டையார்பேட்டை, மூன்று பிள்ளைகளின் தாய்): எங்களிடம் வண்டி இல்லை. பூங்காக்கள் எல்லாம் நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கின்றன. எப்படிப் போவது?

உண்மைதான் அம்மா. பெரிய பூங்கா ஒன்றுகூட நம் பக்கம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போவதானால் மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் போங்கள். கும்மிடிப்பூண்டி மார்க்கத்து வண்டிகளில் சில சென்ட்ரலுக்குப் போய்விடும், பார்த்து ஏறுங்கள். கடற்கரையிலிருந்து பறக்கும் ரயிலில் திருவான்மியூர், அங்கிருந்து பஸ். முதலில் இஞ்சம்பாக்கத்தில் விஜிபி வரும், அதைத் தாண்டி முட்டுக்காட்டில் எம்ஜிஎம். குயின்ஸ்லேண்ட் பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறது. 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா திருப்போரூர் பக்கம் இள்ளலூரில். அதற்குக் காலை ஆறரைக்குள் வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் கொடுத்த காசுக்கு ராட்டினம் ஏற முடியும்.

கைக்குழந்தை இருந்தால் இவ்வளவு தூரம் வேண்டாம். பொங்கலை ஒட்டித் தீவுத்திடலில் பொருட்காட்சி நடக்கும்போது கோட்டை நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம்.

கேள்வி (எர்ணாவூர்): வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாமா?

பெரும்பாலான பூங்காக்களில் வாசலிலேயே பையைத் திறந்து பார்ப்பார்கள். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். குழந்தைக்கான உணவுக்கும் மருந்துக்கும் வழக்கமாக விலக்கு உண்டு. ஆறு பேர் உள்ள குடும்பத்துக்கு இது பெரிய செலவு என்பது எனக்குத் தெரியும். ரயிலிலேயே காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு உள்ளே போங்கள். ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே சுற்றுகிற ராட்டினத்தில் ஏறாதீர்கள்.

கேள்வி (பெரம்பூர், ஐசிஎஃப்பில் ஓய்வுபெற்றவர்): 35 ஆண்டுகள் ரயில் பெட்டி செய்தவன் நான். ரோலர் கோஸ்டர் தலைகீழாகப் போகும்போது சக்கரம் ஏன் தண்டவாளத்தை விட்டு விலகுவதில்லை? பேரன் கேட்டான், சரியாகச் சொல்ல முடியவில்லை.

ஐயா, ரயில் பெட்டி செய்த கைக்கு இதைச் சொல்வது எனக்குப் பெருமை. ரயில் சக்கரம் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்து ஓடுகிறது. உள்விளிம்பு அதைப் பக்கவாட்டில் விலகாமல் பார்த்துக்கொள்கிறது. மேலே எழும்பாமல் அழுத்துவது பெட்டியின் எடை மட்டுமே. ரோலர் கோஸ்டரில் ஒவ்வொரு மூலையிலும் மூன்று வகைச் சக்கரங்கள் உண்டு. மேலே உருள்வது எடையைச் சுமக்கும். பக்கத்தில் இருப்பது வளைவில் தாங்கும். மூன்றாவது தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும். மேட்டின் உச்சியைத் தாண்டும்போது பெட்டி எழும்பப் பார்க்கும். அப்போது இழுத்துப் பிடிப்பது அந்த அடிச்சக்கரம். ஒரு குழாயைக் கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் சுற்றிப் பிடித்துப் பாருங்கள், அதுதான் அமைப்பு.

பெரும்பாலான கோஸ்டர்களில் பெட்டிக்கு எஞ்சினே கிடையாது. முதல் ஏற்றம்வரை சங்கிலி இழுத்துக்கொண்டு போகும். அதன் பிறகு உயரம் வேகமாகிறது, வேகம் உயரமாகிறது, அவ்வளவுதான். ஏறும்போது ‘டக், டக், டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் சரியாதபடி, பல்வரிசையில் விழுந்துகொண்டே போகிற கொக்கியின் சத்தம் அது. காலையில் ஆளில்லாமல் ஓடவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்பேன். ஒரு ‘டக்’ விட்டுப்போனாலும் அன்று அந்த வண்டி ஓடாது.

பேரனைக் கடைசிப் பெட்டியில் உட்காரச் சொல்லுங்கள். முன்பெட்டிகள் இறங்கத் தொடங்கியபின் கடைசிப் பெட்டி உச்சியைத் தாண்டும். வயிற்றில் அந்தக் ‘கூச்சம்’ அங்கேதான் அதிகம்.

கேள்வி (புதுவண்ணாரப்பேட்டை): அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் வலி, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. என்ன ஏறலாம்?

வேகமாகச் சுற்றுவது, விழுவது, ஆடுவது எதுவும் வேண்டாம். மெதுவாகச் சுற்றும் ராட்சத ராட்டினத்துக்கும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். அவரைப் பைக்குக் காவலாக ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிடாதீர்கள். விஜிபியின் மரைன் கிங்டமில் கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நடந்தபடியே தலைக்குமேல் மீன் நீந்துவதைப் பார்க்கலாம்.

கேள்வி (மணலி): தண்ணீர் விளையாட்டில் பருத்தி உடை கூடாதாம். அங்கேயே உடை வாங்க வைக்கும் தந்திரமா?

தந்திரம் இல்லை. சறுக்கில் உங்களை வழுக்க வைப்பது உடம்புக்கும் ஃபைபருக்கும் நடுவே ஓடும் மெல்லிய நீர்ப்படலம். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். நடுச்சறுக்கில் ஆள் நின்றுபோனால் பின்னால் வருபவர் கால் அவர் முதுகில் இடிக்கும். நூல் பிரிந்து வடிகட்டியையும் அடைக்கும். ஜிப்பும் உலோகப் பொத்தானும் சறுக்கைக் கீறும், அந்தக் கீறல் அடுத்த குழந்தையின் தோலைக் கிழிக்கும். நைலான் உடையை நம் பக்கத்துக் கடையிலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. குளத்தில் கண் எரிந்து மருந்து நாற்றம் தூக்கலாக அடித்தால், குளோரின் அதிகம் என்று நினைக்கிறார்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் நாற்றம் அது. பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அனுப்பி, குளிக்கவைத்து, பிறகு இறக்குங்கள்.

துப்பட்டா, முந்தானை, நீண்ட பின்னல். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வேன். எந்த ராட்டினமானாலும் இவை மூன்றையும் கட்டி உள்ளே செருகிவிட்டு ஏறுங்கள்.

கேள்வி (காலடிப்பேட்டை): தக்காளி சாதமாவது எடுத்துப் போகலாமா?

புளிசாதத்துக்குச் சொன்ன பதில்தான்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): ராட்டின வாசலில் உயரம் பார்க்கும் அளவுக்கோலுக்கு என் மகன் இரண்டு விரற்கடைதான் குறைவு. அடிப்பாகம் தடித்த ஷூ போட்டு அழைத்துப் போகலாமா?

கூடாது. இதற்கு நீளமாகவே பதில் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பையனுக்கு எட்டு வயது இருக்கும். அவனுடைய அப்பா ஷூவுக்குள் கைக்குட்டையை நான்காக மடித்து வைத்திருந்தார். அளவுக்கோலைத் தொட்டுவிட்டான், உள்ளேயும் வந்துவிட்டான். பூட்டுகளைச் சரிபார்க்க நான் வரிசையாக வந்தேன். பையனின் முதுகு சாய்மானத்தில் இருந்தது. ஆனால் முழங்கால் இருக்கையின் விளிம்பை எட்டவில்லை, கால்கள் மடங்காமல் பொம்மையின் கால்களைப்போல முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பி. அதை இறக்கியபோது அப்பாவின் தொடையில் தட்டி நின்றுவிட்டது. பையனின் தொடைக்கும் கம்பிக்கும் நடுவே என் முஷ்டி முழுதாக நுழைந்தது. அவ்வளவு இடைவெளி இருந்தால் ராட்டினம் எழும்பும்போது பிள்ளை கம்பிக்கு அடியில் வழுகிப் போய்விடுவான்.

இறக்கிவிட்டேன். அப்பா என்னைத் திட்டினார். பையன் அழவில்லை. ஓரமாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, கைக்குட்டையை எடுத்து அப்பாவிடம் நீட்டினான்.

அந்தக் கோல் உங்கள் பிள்ளையின் தைரியத்தை அளப்பதில்லை. அவன் தொடைமேல் கம்பி உட்காருமா என்பதை அளக்கிறது. ஷூ உயரத்தைக் கூட்டும், தொடையை நீட்டாது.

கேள்வி (வியாசர்பாடி): ஒரு பொருட்காட்சியில் என் ஏழு வயது மகளை எல்லாவற்றிலும் ஏற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

ஒன்றும் ஆகாததற்கு நானும் மகிழ்கிறேன். ஆனால் அன்று அவளைக் காத்தது கம்பி என்று எப்படிச் சொல்வீர்கள்? மின்சாரம் போய், ராட்டினம் வெட்டி இழுத்ததுபோல் நிற்கும் அந்த ஒரு நொடிக்காகத்தான் கம்பி இருக்கிறது. அந்த நொடி அன்று வரவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி (அதே வியாசர்பாடி அன்பர்): அண்ணன் ஏறுகிறான், தங்கை வெளியே நிற்கிறாள். வருடத்துக்கு ஒருமுறைதான் போகிறோம். அந்தப் பிள்ளையின் அழுகைக்கு என்ன பதில்?

இந்தக் கேள்வி நியாயமானது. அழுகையை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதால்தான் சிக்கல். கிளம்புவதற்கு முதல் நாள் வீட்டுச் சுவரில் செருப்பில்லாமல் நிறுத்தி அளந்துவிடுங்கள். பெரிய ராட்டினங்களுக்குப் பெரும்பாலும் 120 அல்லது 140 சென்டிமீட்டர் கேட்பார்கள். எதில் ஏறலாம், எதில் கூடாது என்று இரவே பிள்ளைக்குச் சொல்லிவிட்டால், காலையில் தனக்கான பட்டியலோடு வருவாள். அண்ணன் ஏறும் நேரத்தில் பெரியவர் ஒருவர் அவளைக் குடை ராட்டினத்துக்கு அழைத்துப் போகட்டும்.

கேள்வி (மூலக்கடை, தாத்தா): எங்கள் காலத்தில் தெருவுக்கு வந்த தொட்டி ராட்டினத்தில் கம்பியும் இல்லை, கோலும் இல்லை. ஐந்து வயதிலேயே ஏறினோம்.

ஐயா, நானும் ஏறியிருக்கிறேன். அதைச் சுற்றியவர் கையால் தள்ளினார். குழந்தை வீறிட்டால் கையை எடுத்துவிடுவார், நின்றுவிடும். இன்றைய ராட்டினத்தை மோட்டார் சுற்றுகிறது, மோட்டாருக்குக் காது கிடையாது.

கேள்வி (காசிமேடு, படகு எஞ்சின் மெக்கானிக்): கோலைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். இரும்பைப் பற்றி யார் பேசுவது? கடற்கரை ஓரத்தில் இரும்பு என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன், தம்பி. உப்புக் காற்றில் வெளியே பிடிக்கும் துரு எனக்குப் பயமில்லை, கண்ணுக்குத் தெரியும், சுரண்டிப் பூசலாம். குழாய்க்கு உள்ளே பிடிக்கும் துருதான் எமன். வண்ணம் பளபளவென்று இருக்கும், உள்ளே தகடு காகிதமாகிக்கொண்டிருக்கும். 2017 ஜூலையில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பொருட்காட்சியில் ‘ஃபயர் பால்’ என்ற ராட்டினத்தின் இருக்கை வரிசை ஒன்று சுழலும்போதே பிய்ந்தது. ஒருவர் இறந்தார், ஏழு பேர் காயமடைந்தார்கள். தாங்கும் உத்தரத்தின் உள்பக்கம் துருவேறி உலோகம் மெலிந்துபோனதுதான் காரணம் என்று அதைத் தயாரித்த நிறுவனமே சொன்னது. 2019 ஜூலையில் அகமதாபாத்தின் கான்காரியா ஏரிக்கரையில் ஊசல்போல் ஆடும் ராட்டினம் முறிந்து விழுந்து உயிர்கள் போயின.

தகட்டின் தடிமனை ஒலி அலை வைத்து வெளியிலிருந்தே அளக்கலாம். விரிசலுக்கு வேறு வழி. வெல்டிங்கைத் துடைத்துச் சுத்தமாக்கி, சிவப்புச் சாயத்தைத் தடவிக் காத்திருப்போம். பிறகு சாயத்தை ஒட்டத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியை அடிப்போம். விரிசல் இல்லையென்றால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். இருந்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைமுடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி எழும். அந்தக் கோட்டை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முந்தைய நாள் மாலைவரை ராட்டினத்தின் அந்தக் கையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியிலிருந்து வருபவர்களும் சிலவற்றைக் கவனிக்கலாம். வெல்டிங் ஓரத்தில் தேநீர் நிறத்தில் கோடு வழிந்திருந்தால் ஏறாதீர்கள். இருக்கைப் பூட்டின் ஊசிக்குப் பதில் கம்பியோ கயிறோ கட்டியிருந்தால் ஏறாதீர்கள். இயக்குபவர் ஒவ்வொரு பூட்டையும் கையால் அசைத்துப் பார்க்காமல் பொத்தானை அழுத்தப் போனால், குரல் கொடுத்து இறங்கிவிடுங்கள்.

கேள்வி (வியாசர்பாடி அன்பர், மீண்டும்): சரி, கோலை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பொருட்காட்சியில் ஏன் அளக்கவில்லை என்று இப்போதுதான் கோபம் வருகிறது.

அந்தக் கோபத்தை அடுத்த முறை டிக்கெட் கிழிப்பவரிடம் உரக்கக் கேளுங்கள். வரிசையில் நிற்கும் மற்றவர்களும் கேட்கட்டும்.

கேள்வி (ராயபுரம், எட்டாம் வகுப்பு மாணவன்): கொலம்பஸ் கப்பல் ராட்டினத்தில் எங்கே உட்கார்ந்தால் அதிகப் பயம்?

இரண்டு ஓரங்களிலும், தம்பி. ஓரம் அதிக உயரம் போகும், நடுவில் ஆட்டம் குறைவு. கப்பலின் அடிவயிற்றில் ஒரு ரப்பர் டயர் உரசித் தள்ளுவதைக் கீழே நின்று குனிந்து பார், அந்தப் பெரிய கப்பலை ஆட்டுவது அதுதான்.

கேள்வி (மாதவரம்): கோ-கார்ட் ஓட்ட மகளுக்கு ஆசை.

ஓட்டட்டும். ஆனால் இருக்கைக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் அச்சு சுழன்றுகொண்டிருக்கும். பின்னலோ துப்பட்டாவோ அதில் சுற்றினால் நிறுத்த நேரமே இருக்காது. முடியைக் கொண்டையிட்டு வலை போட்டு, தலைக்கவசத்துக்குள் அடக்கினால்தான் அவள் உட்காரலாம். துப்பட்டா உங்கள் கையில் இருக்கட்டும்.

கேள்வி (கொடுங்கையூர்): சப்பாத்தி உள்ளே விடுவார்களா?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (கொருக்குப்பேட்டை, மறுபடியும்): மகனைச் சுவரில் நிறுத்தி அளந்தேன். 117 தான் இருக்கிறான். ஷூ வாங்கவில்லை. அவனுக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

நிறையவே இருக்கிறது அம்மா. அளவு பூங்காவுக்குப் பூங்கா மாறும், ஆனாலும் மோதும் கார், குடை ராட்டினம், குழந்தைகளுக்கான சின்னக் கோஸ்டர், ஆழமில்லாத குளம் ஆகியவற்றில் பெரும்பாலும் 117 செல்லும். மோதும் காரில் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், ஸ்டியரிங்கை அவனிடம் கொடுத்துவிடுங்கள். அலைக்குளத்தில் கரையோரம் போதும். ஆழமான முனையில் காற்றறைகள் தண்ணீரைத் தள்ளுகின்றன, அங்கே பெரியவர்களுக்கே கால் பெயரும். உள்ளே போனதும் முதல் வேலையாக, கூட்டம் சேர்வதற்குள் அவனுடைய சின்னக் கோஸ்டருக்கு ஓடுங்கள். பதினொரு மணிக்குமேல் அங்கே வரிசை நீண்டுவிடும்.