அசல் புகைப்படத்துக்கும் ‘ஏஐ’ முத்திரை வருவது ஏன்?

ஒரு நிகழ்ச்சியில் நீங்களே எடுத்த படத்தைப் பதிவிட்டதும், அது ஏஐ கொண்டு உருவாக்கப்பட்டது அல்லது திருத்தப்பட்டது என்று சொல்லும் ‘ஏஐ’ முத்திரையை இன்ஸ்டாகிராம் இட்டால், அதற்குக் காரணம் பெரும்பாலும் படத்தின் தோற்றம் அன்று, கோப்புக்குள் பதிந்திருக்கும் மீத்தரவே (படத்தைப் பற்றிய மறைவான தகவல்கள்). பின்னணியில் தெரிந்த ஒரு கம்பியை நீக்குவதற்காக மட்டும் ஃபோட்டோஷாப்பின் ஏஐ கருவியான ஜெனரேட்டிவ் ஃபில்லைப் பயன்படுத்தியிருந்தாலும், சி2பிஏ குறிப்பு (படம் எப்படி உருவானது, திருத்தப்பட்டது என்பதைப் பதியும் பொதுத் தரநிலையின் குறிப்பு) கோப்பில் ஏறிவிடக்கூடும். இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான மெட்டா அத்தகைய குறிப்புகளைப் படித்தே முத்திரையிடுகிறது. புகைப்படக் கலைஞர்கள் பலர் இதே குறையைச் சொன்ன பிறகுதான், 2024 ஜூலையில் அந்நிறுவனம் முத்திரையின் வாசகத்தையே மாற்றியது.

கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைத் திருத்தாமல் ஒரு சோதனைக் கணக்கில் இட்டுப் பாருங்கள். முத்திரை வராவிட்டால், திருத்தும்போது ஏறிய குறிப்பே காரணமாக இருக்கக்கூடும்; அதே திருத்தத்தை, படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்து இன்னொரு பகுதியை மறைக்கும் பழைய குளோன் கருவியால் செய்யுங்கள்.

மீத்தரவை அழித்துவிட்டுப் பதிவிடும் குறுக்குவழியை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். படத்தில் ஆளையோ பொருளையோ சேர்த்திருந்தால், முத்திரை வந்தாலும் வராவிட்டாலும், அதை விளக்கவரியில் தெரிவித்துவிடுங்கள்.