பல்லாவரத்துக் கல்லும் ஒரு சாக்பீஸும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் அலுவலக வேலையாகக் கல்கத்தா போயிருந்தேன். விமானத்துக்கு நேரமிருந்தது. டல்ஹவுசி சதுக்கத்துக்குப் பக்கத்தில் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவர் ஜாப் சார்னாக்கின் மண்டபம், இருட்டறை நினைவுத்தூண், அட்மிரல் வாட்சன் கல்லறை என்று முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். தரையில் பதித்திருந்த கற்களில் எழுத்து மங்கலாக இருந்தது. ஒரு கல்லில் சாக்பீஸைத் தேய்த்துப் படம் எடுத்தேன், நன்றாக வந்தது. இணைத்திருக்கிறேன்.

நம்மைச் சுரண்ட வந்தவர்கள்தானே என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் சின்ன வயதில் இறந்த பெண்களின் பெயர்களைப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. அந்த வருத்தம் நியாயமானதா? வங்காள நவாபின் ஆட்கள் ஆங்கிலேயர்களை அடைத்துவைத்த இருட்டறையில் 123 பேர் இறந்தது உண்மையா? சார்னாக்கைக் கல்கத்தாவின் நிறுவனர் என்று இன்னும் சொல்லலாமா? டிசம்பரில் மறுபடி போகவேண்டியிருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

ஆர்.,
குரோம்பேட்டை

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் வருத்தத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இணைப்பைத் திறந்ததும் அது போய்க் கோபம் வந்துவிட்டது. நம் கோயில்களில் மணல்வீச்சு இயந்திரத்தால் கல்வெட்டுகளின் மேல்தோலை உரித்ததைப் பற்றிக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேளையில், படித்தவர், அக்கறையாகக் கடிதம் எழுதுகிறவர், கையில் சாக்பீஸோடு வந்து நிற்கிறீர்கள். ஆகவே கல் முதலில், வருத்தம் பிறகு.

அதற்கு முன் இரண்டு கேள்விகளை ஒதுக்கிவிடுகிறேன். சார்னாக்கை நிறுவனர் என்று சொல்லக்கூடாது என்பதைக் கல்கத்தா உயர் நீதிமன்றமே 2003இல் சொல்லிவிட்டது. அவர் வருவதற்கு முன்பே அங்கே ஊர்கள் இருந்தன. இருட்டறையில் 146 பேரை அடைத்தார்கள், 123 பேர் செத்தார்கள் என்பது 1756 ஜூன் 20 இரவில் உயிர்தப்பிய ஹோல்வெல் சொன்ன கணக்கு. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். நீங்கள் பார்த்த தூண் வைசிராய் கர்சன் காலத்தில் சதுக்கத்துப் பக்கம் எழுப்பியது. சுபாஷ் சந்திர போஸ் கிளப்பிய போராட்டத்தால் 1940இல் இந்தத் தோட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். அது கல்லறையே அல்ல. அதன் அடியில் யாரும் இல்லை.

இப்போது சாக்பீஸ். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஜிப்சம். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2 கிராம் கரையும். மழை பெய்தால் போய்விடும் என்பார்கள். போவதில்லை, உள்ளே இறங்குகிறது. கரைந்த ஜிப்சம் கல்லின் நுண்துளைகளில் புகுந்து, காய்ந்ததும் திரும்பப் படிகமாகிறது. படிகம் வளரும்போது பக்கவாட்டில் நெட்டும். ஒவ்வொரு மழைக்காலமும் இது நடந்தால் மேல்பரப்பு செதில் செதிலாக உதிரும். தேய்க்கும்போது உதிரும் மணித்துகள் தனி. சுண்ணக்கல், மணற்கல், சாந்துப் பூச்சு ஆகியவற்றில் இந்தச் சேதம் வேகமாக வரும். உங்கள் படத்திலிருப்பது இறுக்கமான கருங்கல் என்பதால் பிழைத்தது.

எனக்கு இதைவிடப் பெரிய குறை வேறு. எழுத்தை யூகித்துத்தான் சாக்பீஸால் நிரப்புகிறோம். யூகம் தவறினால் அடுத்து வருகிறவர் உங்கள் தவறைத்தான் படிப்பார், படமெடுப்பார். சாக்பீஸ் வேண்டாம் என்றால் உடனே மைதா மாவு, ஷேவிங் கிரீம் என்று இறங்குகிறவர்களும் உண்டு. மாவில் பூஞ்சை வரும். ஷேவிங் கிரீமில் இருக்கும் கொழுப்பு அமிலம் துளைகளில் தங்கும். எலுமிச்சையும் வினிகரும் பளிங்கை அரிக்கும். கம்பி பிரஷ் கோடு போடுவதோடு, தன் இரும்புத் துகளையும் விட்டுப்போகும். அது துருப்பிடித்தால் செம்மஞ்சள் கறை, அந்தக் கறை எளிதில் போகாது. கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி, மை ஒற்றி மைப்படி எடுக்கிறார்களே என்று கேட்பீர்கள். அது பயிற்சி பெற்ற கல்வெட்டாளர் உரிய அனுமதியோடு, ஈரத்தாளை வைத்து, கல்லின் நிலையைப் பார்த்துச் செய்வது. நீங்களும் நானும் செய்வதல்ல.

எழுத்தைப் படிக்க வெளிச்சம் போதும், ஆனால் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். தரையில் கிடக்கும் கல்லை உச்சிவெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, குழிகளில் நிழல் விழாது. சூரியன் உதித்த ஒன்றரை மணி நேரத்துக்குள்ளோ, மறைவதற்கு முந்திய ஒன்றரை மணி நேரத்திலோ பாருங்கள். சுற்றியுள்ள கட்டடங்கள் அந்தத் தாழ்ந்த வெயிலை மறைத்தால் ஒரு எல்.இ.டி. டார்ச்சும் கறுப்புக் குடையும் போதும். குடையால் கல்லுக்கு நிழல் கொடுங்கள். கூட வந்தவர் டார்ச்சைத் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகாமல், கல்லின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளிப் பிடிக்கட்டும். ஒளி கல்லைத் தடவிக்கொண்டு போகவேண்டும், கோணம் 10, 15 டிகிரிக்கு மேல் வேண்டாம். செல்போனில் ஃபிளாஷை அணைத்து, கல்லுக்கு நேர் மேலே, இணையாகப் பிடித்துப் படமெடுங்கள். பக்கத்தில் ஒரு அடிஸ்கேல்.

ஒரு படம் போதாது, நான்கு எடுக்கவேண்டும். இடமிருந்து, வலமிருந்து, தலைப்பக்கமிருந்து, காலடியிலிருந்து ஒளி. பலர் தவறுவது இங்கேதான். ஒளி போகும் திசையிலேயே ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது. இடமிருந்து ஒளி வந்தால் செங்குத்துக் கோடுகள் பளிச்சென்று தெரியும், கிடைக்கோடுகள் மறைந்துவிடும். 7 என்ற எண்ணின் மேல்கோடு காணாமல் போய் 1 ஆகிவிடும். சார்னாக் மண்டபத்திலேயே இருக்கிறது வில்லியம் ஹாமில்டனின் கல். முகலாயப் பேரரசர் ஃபரூக்சியாரைக் குணப்படுத்திய மருத்துவர் அவர், கல்லில் பாரசீக எழுத்தும் உண்டு. அவர் இறந்தது 1717. ஒரு பக்க ஒளியில் படித்தால் அதை 1711 என்று எழுதிக்கொண்டு வருவீர்கள்.

இன்னொன்று, பழைய கற்களில் எழுத்தைக் குழித்தும் வெட்டியிருப்பார்கள், சுற்றிலும் செதுக்கி எழுத்தைப் புடைத்து நிற்கவும் விட்டிருப்பார்கள். குழித்த எழுத்தில் நிழல் டார்ச்சுக்கு அருகிலிருக்கும் விளிம்பில் விழும். புடைத்த எழுத்தில் டார்ச்சுக்கு எதிர்ப்பக்கம் விழும். இதைப் பார்க்கத் தெரிந்தால் எது எழுத்து, எது வெறும் சில்லு என்பது பிடிபடும். வெள்ளைப் பளிங்குப் பலகைகளில் ஈயத்தால் நிரப்பிய எழுத்துகளும் இருக்கும். ஈயம் உதிர்ந்தாலும், அதைப் பிடித்து நிறுத்தத் துளைத்த சிறு ஓட்டைகள் அப்படியே நிற்கும். ஓட்டைகளின் வரிசையை வைத்தே எழுத்தைச் சொல்லிவிடலாம்.

நின்ற கல்லுக்குக் கணக்கு வேறு. கிழக்கு பார்த்த கல்லை விடியற்காலையில் பார்ப்பது வீண், வெயில் முகத்தில் நேராக அறையும். நண்பகலுக்குச் சற்று முன்னால் வெயில் அந்த முகத்தை உரசிக்கொண்டு போகும் நேரமே சரி. வடக்கு பார்த்த கல்லுக்கு டிசம்பரில் வெயிலே கிடையாது. ஒன்றரை அடிக் கண்ணாடி ஒன்றை வெயிலில் நிறுத்தி ஒளியைத் திருப்பிவிடவேண்டும்.

நீங்கள் நின்ற இடத்தின் கல்லைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே, ஆர்.! அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வங்காளத்தின் அந்தப் பகுதி முழுக்க ஆற்று வண்டல். தோண்டினால் சேறுதான், பாறை கிடையாது. அதனால் கல்கத்தாவின் பழைய கல்லறைகள் பெரும்பாலும் செங்கல், அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து. 1767இல் திறந்த பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தின் கோபுரங்களும் பிரமிடுகளும் அப்படித்தான். அரச மரக்கன்று ஒன்று விரிசலில் வேர்விட்டால் போதும், பிளந்துவிடும். பிறகு யாராவது நல்ல மனத்தோடு சிமெண்ட் பூசுவார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் விடாது. உள்ளே சிக்கிய நீர் உப்போடு செங்கல்லைத் தின்னும், பூச்சு பாளமாகக் கழன்று விழும். 1787இல் திறந்த இந்தத் தேவாலயத்தை ஊர்க்காரர்கள் 'கல் தேவாலயம்' என்று அழைத்தார்கள். வங்காளத்தின் பழைய தலைநகரான, பாழடைந்த கௌர் நகரத்திலிருந்து கற்களைக் கொண்டுவந்திருந்தார்கள். கல் அங்கே அவ்வளவு அரிது.

அப்படியானால் சார்னாக்கின் மேல் கிடக்கும் கரிய பலகை எங்கிருந்து வந்தது? உங்கள் மின்சார ரயில் தினமும் கடக்கும் பல்லாவரத்துப் பக்கத்துப் பாறை அது. மருமகன் சார்லஸ் அயர் 1695 வாக்கில் எழுப்பிய எண்கோண மண்டபத்துக்காகச் சென்னைப் பட்டணத்திலிருந்து கடல்வழி போயிருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இந்தப் பாறைவகைக்குப் பெயர் வைத்தபோது, இந்தக் கல்லறையை வைத்தே 'சார்னோகைட்' என்றார். உலகமெங்கும் புவியியல் மாணவர்கள் உச்சரிக்கும் பெயர். பாறை நம்முடையது, பெயர் செத்தவருடையது. கல்லின் மேல் இலத்தீனில் இதைப் பளிங்கு என்று வெட்டியிருக்கிறார்கள். பளிங்குக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

இந்தப் பாறையில் இருக்கும் கனிமங்கள் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன். பூமியின் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. புதிதாக உடைத்த முகம் பச்சை கலந்த சாம்பல், எண்ணெய் தடவியதுபோன்ற மினுக்கம். மழையில் கரையாது. அதனால்தான் 17ஆம் நூற்றாண்டு எழுத்து கூர்மையாக நிற்க, வெளியில் 19ஆம் நூற்றாண்டுப் பளிங்கு எழுத்துகள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. பளிங்கு கால்சியம் கார்பனேட். மழைநீரின் லேசான அமிலமே அதைக் கரைக்கும், நகரப் புகையின் கந்தகம் அதன்மேல் கறுப்புப் பொருக்கு கட்டும். சார்னோகைட்டுக்கு வரும் ஆபத்து அடியிலிருந்து. வண்டல் மண் இறங்கி, இரண்டு முனைகள் மட்டும் தாங்க நடுவில் வெற்றிடம் விழுந்தால் பலகை குறுக்கே முறியும். ஆகவே தரைக்கல்லின் நடுவில் ஏறி நிற்காதீர்கள். மண்டபத்தைச் சுற்றிப் பதித்திருக்கும் பல கற்கள் இடித்த கல்லறைகளிலிருந்து எடுத்து வைத்தவை. அந்தக் கல்லின் நேர் கீழே அந்த ஆள் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

தேதி விஷயத்திலும் எச்சரிக்கை. சார்னாக் இறந்தது 1692 ஜனவரி 10 என்று கல் சொல்லும், புத்தகங்கள் 1693 என்னும். இரண்டும் சரி. 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. எனவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள பழைய தேதிகளில் ஆண்டுக்கு ஒன்றைக் கூட்டவேண்டும். அதே கல்லில் கீழே மகள் மேரியின் பிப்ரவரித் தேதியை 1696-7 என்று இரட்டையாகவே வெட்டியிருக்கிறார்கள். பார்த்ததை அப்படியே, வரிக்கு வரி பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். திருத்தத்தை ஓரத்தில் தனியாக எழுதுங்கள். ஆங்கில எஸ் எழுத்து பழைய கற்களில் எஃப் போல நீண்டிருக்கும், அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

கல்கத்தா வரை காத்திருக்கவேண்டாம். அடையாள அட்டையோடு ஒரு ஞாயிறு சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் 1680இன் செயின்ட் மேரீஸ் தேவாலயத்துக்குப் போங்கள். அதன் முற்றத்துத் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள்தான், பழைய இடுகாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. டார்ச்சைப் பிடித்துப் பழக அதைவிட நல்ல இடமில்லை. தேவாலய ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சருகைத் தள்ள மென்மையான பெயிண்ட் பிரஷ் ஒன்று போதும், தண்ணீர் வேண்டாம்.

டிசம்பரில் முக்கால் மணி நேரம் அல்ல, மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சார்னாக் மண்டபத்துக்கே ஒன்றேகால் மணி நேரம் ஆகும். தேவாலயத்தின் முகப்பு மண்டபத்தில், வைசிராய் கானிங்கின் மனைவி லேடி கானிங்கின் நினைவுச்சின்னம் இருக்கிறது. பாரக்பூரில் திறந்த வெளியில் இருந்து சிதைய ஆரம்பித்ததும் அதைப் பெயர்த்தெடுத்தார்கள். பளிங்கு வெட்டவெளியில் என்ன ஆகும் என்பதற்கு நல்ல பாடம். வாட்சனை வேகமாகக் கடந்துவிடலாம்.

வருத்தம் நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். வந்த வருத்தத்துக்கு என்னிடம் எதற்கு அனுமதி? மேரிக்காக வருந்துங்கள், தவறில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே கனத்த மனத்தோடு போய் நிற்காதீர்கள். பேகம் ஜான்சன் என்று ஊரே அழைத்த ஃபிரான்சிஸ் ஜான்சனின் கல்லறையைத் தேடிப் படியுங்கள். அப்பா கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டையின் ஆளுநர். 1725இல் பிறந்து நான்கு கல்யாணம் செய்துகொண்டு, கடைசிக் கணவரான பாதிரியார் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது கூடப் போக மறுத்து, வீட்டில் சீட்டாட்டக் கச்சேரி நடத்தி, இந்த இடுகாடு மூடப்பட்ட பிறகும் இங்கேதான் தன்னைப் புதைக்கவேண்டும் என்று கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவைத்து, 1812இல் இறந்தவர். நான்கு கணவர்களையும் வரிசையாகச் சொல்லும் நீண்ட கல்லெழுத்து, அரை மணி நேரமாவது பிடிக்கும். நான்கு பக்கமும் டார்ச் அடித்துப் படியுங்கள்.