வாசகர் கேள்வி – பதில்: பழைய வகுப்புத் தோழர்களின் இன்றைய செய்தி

கேள்வி: 1976இல் பட்டம் பெற்ற எங்கள் பி.எஸ்ஸி. வகுப்பினர் பொன்விழா மலர் ஒன்று வெளியிட இருக்கிறோம். தத்தம் பணி, குடும்பம், பயணம் குறித்து எழுதித் தருமாறு எல்லோரையும் கேட்டோம். வந்து சேர்ந்தவையோ வகித்த பதவிகளும் பிள்ளைகள் வாழும் நாடுகளும் அடங்கிய பட்டியல்களாகவே இருக்கின்றன. என்ன செய்யலாம்?
– ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், கும்பகோணம்

பதில்: குறை எழுதியவர்களிடம் இல்லை, நீங்கள் அனுப்பிய படிவத்தில் இருக்கலாம். ‘கடைசியாக வகித்த பதவி’ என்று கட்டம் போட்டுக் கொடுத்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் நிரப்புவார்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஒவ்வோர் ஆண்டு பட்டம் பெற்றவர்களுக்கும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை சிவப்பு அட்டையிட்ட தொகுப்பு ஒன்று வெளிவருகிறது. முகவரி, தொழில், வாழ்க்கைத் துணை போன்ற விவரங்கள் சில வரிகளில் முடிந்துவிட, அதற்குக் கீழே அவரவர் கதையை அவரவரே எழுதுகிறார்கள். உங்கள் மலருக்கும் அந்த அமைப்புப் பொருந்தும்.

பயணம் என்ற தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘அமெரிக்கா, மூன்று முறை’ என்று ஒருவர் எழுதியிருப்பார். மகளின் பிரசவத்துக்காக லேகியமும் பருப்புப் பொடியும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போய், பார்வையாளர் விசாவில் வழக்கமாகக் கிடைக்கும் ஆறு மாதமும் தங்கி, கார் ஓட்டத் தெரியாததால் கடைக்குப் போகக்கூட மருமகனின் விடுமுறை நாளுக்காகக் காத்திருந்து திரும்பியதுதான் அந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். வகுப்புத் தோழர்கள் படிக்க விரும்புவது அதைத்தான். நயாகரா அருவியின் படம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ஆகவே, ‘அங்கே பகல் பொழுதை எப்படிக் கழித்தீர்கள்?’ என்று தொலைபேசியில் கேட்டு, அவர் சொல்வதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தயங்குபவர்களும் பேசத் தயங்குவதில்லை.

கேள்வி: முதுமையில் பழைய நட்பைப் புதுப்பிப்பதால் உடல்நலத்துக்கு நன்மை உண்டு என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: 1938இல் ஹார்வர்டு மாணவர்களைக் கொண்டு தொடங்கப்பட்ட நெடுங்கால ஆய்வு ஒன்றை மனத்தில் வைத்துத்தான் பெரும்பாலும் இப்படிச் சொல்கிறார்கள். ஜான் எஃப். கென்னடி உள்ளிட்ட 268 மாணவர்களை அது வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்தது. பாஸ்டன் நகரின் ஏழைக் குடும்பத்துச் சிறுவர்கள் 456 பேரைப் பற்றிய மற்றோர் ஆய்வும் பின்னர் அதனுடன் இணைந்தது. ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டவர்களே எண்பது வயதில் கூடுதல் நலத்துடன் இருந்தார்கள் என்பது அதன் புகழ்பெற்ற முடிவு. ஆனால், அவர்கள் அனைவரும் ஆண்கள்; தவிர, அந்த முடிவு பேசுவது நெருக்கமான உறவுகளைப் பற்றி. வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் வந்து விழும் காலை வணக்கப் படங்களை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: எங்கள் வகுப்பு மாணவியர் பலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. வழி உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: கல்லூரிப் பதிவேட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தோடு இருந்தவர், திருமணத்துக்குப் பின் கணவர் பெயரின் முதலெழுத்துக்கு மாறியிருப்பார், முகநூலில் பழைய பெயரைத் தட்டினால் வேறு யாரோதான் வருவார்கள். அவருடைய பிறந்த ஊரைப் பிடியுங்கள். அண்ணனோ தம்பியோ இன்னமும் அங்கே இருக்கக்கூடும். ஆசிரியப் பணிக்குச் சென்றவராக இருந்தால், உடன் பணியாற்றிய ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடம் விசாரிக்கலாம். எண் கிடைத்ததும் குழுவில் சேர்த்துவிடாமல், முதலில் அவருடன் படித்த பெண் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். 1978இல் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு வருவதற்கு முன், கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி. மட்டும் படித்துவிட்டுத் திருமணமாகிப் போன பெண்கள் பலர். பட்டம் பெற்றவர்களின் பட்டியலில் அவர்கள் இருக்க மாட்டார்கள் என்பதால், பி.யு.சி. வருகைப் பதிவேட்டையும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.