பின்தெருவில் நிற்கும் வேன்: யாரிடம் சொல்வது?

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில், பூட்டிக் கிடக்கும் ஒரு செட்டியார் வீட்டின் பின்வாசலை ஒட்டி வெள்ளை ஆம்னி வேன் ஒன்று தை மாதத்திலிருந்து நிற்கிறது. முன் நம்பர் பிளேட் இல்லை, இரண்டு டயரில் காற்று இல்லை. புகார் கொடுத்தால் நம்மையே ஸ்டேஷனுக்கு அலைய விடுவார்கள் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் உங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலைப் பார்த்துவிடுவோம். நகரத்தார் வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பின்தெரு என்றாலே இரண்டு பக்கமும் நீளச் சுவர்தான். திண்ணையில் உட்கார்ந்து பார்க்க ஆள் கிடையாது. திருட்டு வண்டியை விட்டுவிட்டுப் போக இதைவிடத் தோதான இடம் ஏது? அதே சமயம், சென்னையிலோ மலேசியாவிலோ இருக்கும் குடும்பம் படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் வரும்போது ஓட்டிக்கொள்ள ஒரு பழைய வண்டியை ஊரிலேயே போட்டுவைப்பதும் உண்டு. மாதக்கணக்கில் அசையாமல் நிற்கிறது என்பதை மட்டும் வைத்துச் செட்டிநாட்டில் எதையும் சொல்லிவிட முடியாது.

அதனால் முதலில் கேட்க வேண்டியது வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம். அவ்வப்போது வந்து கதவைத் திறந்து கூட்டிவிட்டுப் போகிறவருக்கோ, பங்காளிகளில் ஊரோடு இருப்பவருக்கோ தெரிந்திருந்தால் ஒரு போனில் விஷயம் முடிந்தது.

"இல்லங்க, அது எங்க வண்டி இல்ல" என்று பதில் வந்தால், வண்டியை ஒரு சுற்று வந்து பாருங்கள். கண்ணால் மட்டும், கைப்பிடியைத் தொட வேண்டாம். கேஸ் கிட் பொருத்திய ஆம்னிகள் நிறைய உண்டு. வாடை அடித்தால் பார்த்ததுவரை போதும், விலகி வந்து 112-க்குச் சொல்லுங்கள். வாடை இல்லையென்றால் முன் பிளேட் இருந்த இடத்தைக் கவனியுங்கள். துருப்பிடித்து உடைந்து விழுந்திருந்தால் திருகாணியும் தகரத் துணுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆணியோடு சுத்தமாகக் கழற்றப்பட்டிருந்தால் யாரோ வேண்டுமென்றே செய்த வேலையாக இருக்கலாம். சாவித் துவாரம் நெளிந்திருக்கிறதா, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயர் தொங்குகிறதா, கண்ணாடி ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தேதி தெரியும்படி நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பின் பிளேட் இருந்தால் பாதி வேலை முடிந்தது. டி.என். 63 என்றால் சிவகங்கை மாவட்டம், 55 புதுக்கோட்டை, 65 ராமநாதபுரம். மத்திய அரசின் வாகன விவரச் செயலியான எம்பரிவாகனில் எண்ணைப் போட்டால் பதிவான அலுவலகம், தேதி, இன்ஷூரன்ஸ் கெடு எல்லாம் வரும். உரிமையாளர் பெயர் பாதி மறைத்துத்தான் வரும். ஆம்னி உற்பத்தி 2019-இலேயே நின்றுவிட்டது. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து கைவிடப்பட்ட வண்டியாகவும் இது இருக்கலாம். ஆனால் செயலி வேறு மாடலையோ வேறு நிறத்தையோ காட்டினால், பிளேட்டே போலி என்று சந்தேகப்படுங்கள்.

இனி சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 127-ஆவது பிரிவின்படி, பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியை அப்புறப்படுத்த, அந்த எல்லைக்கு உட்பட்ட, சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். இழுத்துப்போகும் செலவு உரிமையாளர் தலையில். பொதுமக்கள் நடமாட உரிமையுள்ள முட்டுச்சந்துகூடப் பொது இடம்தான். வேன் நிற்பது அந்த வீட்டுக்காரரின் பட்டா இடம் என்றால் இந்தப் பிரிவு உதவாது. அவரோ அவர் சார்பில் ஒருவரோ எழுதிக் கொடுப்பதுதான் முறை.

அலைச்சல் பயத்துக்கு மருந்து, வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுப்பது. இடம், எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது, நிறம், தெரிகிற எண், யாரை விசாரித்தீர்கள் என்பதோடு, "இந்த வாகனம் பற்றி இதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது" என்ற வரியையும் கட்டாயம் சேருங்கள். மனுவுக்குச் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது ஸ்டேஷனில் மனுவைப் பெற்றுப் பதிந்ததற்கான ரசீது, கேட்டு வாங்குங்கள். நகல் ஒன்று பேரூராட்சி செயல் அலுவலருக்கு. அதில் கொசுவைப் பற்றி எழுதுங்கள். அங்கே அதற்குத்தான் வேகம் அதிகம். வண்டியில் தேங்கும் மழைத்தண்ணீரில் ஏடிஸ் முட்டை முழுக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

'திருட்டு வண்டி' என்று எழுதித் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போடாதீர்கள். உண்மையான சொந்தக்காரர் சிங்கப்பூரிலிருந்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பையன்களை விட்டு அடுத்த தெருவுக்குத் தள்ளுவதும், பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுவதும் அதைவிட மோசம். கேஸ் உங்கள் மேல் திரும்பும்.

போலீஸ் கையில் போனதும் சேஸிஸ் எண்ணை (வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்) வைத்து உரிமையாளரைத் தேடுவார்கள். கிடைக்காவிட்டால் விஷயம் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 503-ஆவது பிரிவின்படி, உரிமை கோருபவர் 6 மாதத்துக்குள் வரலாம் என்று அவர் அறிவிப்பு வெளியிடலாம். யாரும் வராவிட்டால்தான் ஏலப் பேச்சு. இரண்டு வாரமாகியும் வேன் நகரவில்லை என்றால், சி.எஸ்.ஆர். எண்ணோடு காரைக்குடி போலீஸ் உட்கோட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு, அல்லது திங்கட்கிழமை சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் ஒரு மனு. ரசீதின் ஜெராக்ஸைக் கொடுங்கள், அசலைக் கொடுத்துவிடாதீர்கள்.